மாஞ்செஸ்டர் நாற்றங்கால்

நெல் பயிரிடும் குடியானவருக்கு நாற்றங்காலின் அருமையும் தெரியும், அதன் எல்லையும் தெரியும். சேடை கலக்கி, விதை தெளித்து, நீர் கட்டி, காவல் இருந்து வளர்த்த நாற்றை, உரிய நாள் வந்ததும் பறித்து முடி கட்டிக் கொண்டுபோய் வயலில் நட்டுவிட வேண்டும். இன்னும் சில நாள் இருக்கட்டும், இன்னும் கொஞ்சம் தேறட்டும் என்று பரிவினாலோ பயத்தினாலோ தள்ளிப்போட்டால், அது அங்கேயே முற்றிவிடும். பிறகு எவ்வளவு நல்ல வயலில் நட்டாலும் தூர் கட்டாது. கால்பந்தாட்டத்தில் இளைஞர்களைப் பயிற்றுவிக்கும் ஸ்தாபனங்கள் இன்று உலகெங்கும் மலிந்திருக்கின்றன. ஆனால் பயிற்றுவித்த இளைஞனைப் பெரியவர்களின் அணியில் துணிந்து இறக்கிவிடும் மனம் மட்டும் அன்றுபோலவே இன்றும் அரிதாகத்தான் இருக்கிறது.

எங்கள் ஊர் மைதானத்தில் ஒரு பையனை நான் அறிவேன். மூன்று பருவங்கள், ஒவ்வொரு ஞாயிறும், வெள்ளைத் துணி உறையிட்ட பையில் பூட்ஸைக் கொண்டுவந்து, கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து, கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு காத்திருப்பான். ஆட்டம் முடிந்ததும் மண் படாத அந்தப் பூட்ஸை அவிழ்த்து மறுபடியும் பைக்குள் வைப்பான். "அடுத்த வருஷம் பார்க்கலாம் தம்பி" என்று அணித் தலைவர் அன்பாகத்தான் சொல்வார். நான்காம் வருஷம் அவன் வரவில்லை. அவன் எப்படி ஆடியிருப்பான் என்பது அவனுக்கும் தெரியாமற்போயிற்று, எங்களுக்கும் தெரியாமற்போயிற்று. அந்தப் பையனுடைய நினைவுதான், எங்கோ வடமேற்கு இங்கிலாந்தில், புகைபோக்கிகளும் பருத்தி ஆலைகளும் நிறைந்த ஒரு நகரத்தில், நேர் எதிரான ஒரு வழக்கம் வேரூன்றிய வரலாற்றை எனக்கு இவ்வளவு நெருக்கமானதாக ஆக்கியிருக்கிறது.

மாஞ்செஸ்டர் யுனைடெட் என்னும் கழகம் 1930-களில் செல்வாக்கோடு இருந்த கழகம் அன்று. கடனிலும் தோல்வியிலும் அமிழ்ந்து, தலைவர் ஜேம்ஸ் கிப்சனின் தயவில் உயிர் பிழைத்திருந்தது. வெளியிலிருந்து பெரிய ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்கப் பணமில்லாத அந்த நிலையில், கிப்சனும் காரியதரிசி வால்டர் கிரிக்மரும் சேர்ந்து, பள்ளிப் படிப்பு முடிந்து வெளியேறும் சிறுவர்களுக்காக 1938-ஆம் ஆண்டு வாக்கில் ஓர் இளையோர் சங்கத்தை அமைத்தார்கள். வறுமையில் பிறந்த யோசனைதான் அது. ஆயினும், உள்ளூர்ப் பிள்ளைகளே ஊரின் அணியாக ஆட வேண்டும் என்ற ஆசையும் கிப்சனுக்கு அதில் கலந்திருந்தது. பிறகு யுத்தம் வந்தது. 1941 மார்ச்சு மாதத்தில் ஜெர்மானிய விமானங்கள் வீசிய குண்டுகளால் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தின் பிரதான அரங்கம் இடிந்து விழுந்தது. 1949 வரையில் தங்கள் சொந்த ஆட்டங்களையே பக்கத்துக் கழகமான மாஞ்செஸ்டர் சிட்டியின் மைதானத்தில் ஆட வேண்டியிருந்தது.

இடிந்த மைதானத்துக்கு 1945 அக்டோபரில் மானேஜராக வந்தவர் மாட் பஸ்பி. ஸ்காட்லாந்தின் நிலக்கரிச் சுரங்கக் கிராமம் ஒன்றில் பிறந்தவர்; தந்தையை முதல் உலக யுத்தத்தில் பறிகொடுத்தவர். அவருடைய செய்கைகளின் மூலத்தைத் தேடுவோர் அவருடைய வெற்றிகளைவிட அவருடைய இளமைத் துன்பத்தைப் பார்ப்பதே நலம். 18 வயதில் மாஞ்செஸ்டர் சிட்டிக்கு ஆட வந்த அவர், முன்வரிசையில் பொருந்தாமல், யாருடைய ஆதரவும் இல்லாமல், ஊருக்கே திரும்பிவிடலாமா என்று ஏங்கியிருந்த காலத்தில், கீழ்நிலை அணியில் யாரோ ஒருவர் ஆட முடியாமற்போன ஒரு நாள், அந்த வெற்றிடத்தை நிரப்ப நடுவரிசையில் நிறுத்தப்பட்டார். அங்கேதான் அவருடைய ஆட்டம் மலர்ந்தது. 1934-இல் இங்கிலாந்தின் சங்கக் கோப்பைப் பதக்கத்தையும் பெற்றார். தற்செயலாகக் கிடைத்த ஓர் இடம் தன்னைக் காப்பாற்றியது என்பதை அறிந்தவர், பிறருக்கு அது தற்செயலாகக் கிடைக்க விட்டுவிடாமல் ஒரு முறையாகவே ஆக்க முற்பட்டதில் வியப்பில்லை.

அவருக்கு வலது கையாக வாய்த்தவர் வேல்ஸ் தேசத்தவரான ஜிம்மி மர்பி. யுத்தம் முடியும் தறுவாயில் இத்தாலியின் பாரி நகரத்தில், போர்வீரர்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த அவருடைய பேச்சிலிருந்த வேகத்தைக் கண்டு, அங்கேயே பஸ்பி அவரை அழைத்துக்கொண்டார். பஸ்பி சாந்தமானவர், மர்பி நெருப்பு. சால்ஃபோர்டில் கிளிஃப் என்ற சிறு மைதானத்தில், பகலெல்லாம் தொழிற்சாலையிலும் பட்டறையிலும் வேலை பழகிவிட்டு வரும் சிறுவர்களை, ஒரே உதையை நூறு தரம் உதைக்கச் செய்து, திட்டி, தட்டிக்கொடுத்து, மறுபடியும் திட்டி, மர்பியும் பெர்ட் வேலியும் உருவாக்கினார்கள். ஜோ ஆம்ஸ்டிராங் என்ற சிறிய உருவமுடைய மனிதர் ஊர் ஊராகப் போய்ப் பள்ளிப் பந்தயங்களைப் பார்த்து, தேர்ந்த பையனின் தாயிடம் பேசிவிட்டு வருவார்.

தாயிடம் பேசுவது ஏன் முக்கியமாயிற்று என்பதற்குப் பொருளாதாரக் காரணம் ஒன்று உண்டு. அக்காலத்து இங்கிலாந்தில் ஆட்டக்காரரின் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருந்தது. 1961-இல் அது நீக்கப்பட்டபோதுகூட வாரத்துக்கு 20 பவுண்டுதான். எந்தக் கழகத்துக்குப் போனாலும் வெளிப்படையாகக் கிடைக்கும் கூலி ஒன்றே என்றால், பெற்றோர் பார்ப்பது வேறு விஷயங்களை: பையன் நல்ல வீட்டில் தங்குவானா, ஒரு கைத்தொழில் கற்பானா, எல்லாவற்றுக்கும் மேலாக, அவனுக்கு ஆட இடம் கிடைக்குமா? இந்தக் கடைசிக் கேள்விக்கு மாஞ்செஸ்டரைப் போல நிச்சயமான பதிலைச் சொல்லக்கூடிய கழகம் அன்று வேறெதுவும் இல்லை.

அந்தப் பதில் வாய்ச்சொல்லாக நில்லாமல் செயலானது 1952-க்குப் பின்னர். அவ்வாண்டில், நாற்பது வருஷங்களுக்கு மேலாகக் கைக்கு எட்டாதிருந்த லீக் பட்டத்தை பஸ்பியின் முதல் அணி வென்றது. ஆனால் அது வயதேறிய அணி. வென்ற அணியைக் கலைக்க எந்த மானேஜருக்கும் மனம் வராது. அந்த 1952-ஆம் வருஷமே 18 வயதுக்குட்பட்டோருக்கான நாடளாவிய கோப்பைப் போட்டி புதிதாகத் தொடங்கியதும் பஸ்பிக்கு ஒரு தராசாக வாய்த்தது. முதல் ஐந்து ஆண்டுகளும், அதாவது 1953 முதல் 1957 வரையில், அக்கோப்பையை மாஞ்செஸ்டர் யுனைடெட்டைத் தவிர வேறு யாரும் தொட முடியவில்லை; முதல் வருஷத்து ஆட்டமொன்றில் நாண்ட்விச் என்ற சிற்றூர் அணியை அவர்கள் 23-0 என்று வென்றார்கள். பிள்ளைகளின் போட்டியில் இனி அவர்கள் கற்கத்தக்கது ஒன்றுமில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

1953 ஏப்ரல் 4-ஆம் தேதி, கார்டிஃப் நகரத்து அணிக்கு எதிராக, டங்கன் எட்வர்ட்ஸ் என்ற சிறுவன் முதல் அணியில் இறக்கப்பட்டான். டட்லி என்னும் இரும்புத்தொழில் ஊரிலிருந்து வந்தவன்; வயது 16 ஆண்டும் 185 நாளும்; தொழில்முறை ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டிய 17 வயதுகூட நிறையவில்லை. அன்றைய ஆட்டத்தில் யுனைடெட் 4-1 என்று தோற்றது. தோல்விக்குப் பின் அவன் மீண்டும் இளையோர் அணிக்கும் இரண்டாம் அணிக்கும் போனான். அது தண்டனையாக அல்ல, திட்டப்படியே நடந்தது. அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் ஸ்காட்லாந்தின் கில்மார்னாக் அணியோடு நடந்த ஒரு நட்பு ஆட்டத்தில் பல இளைஞரைச் சேர்த்து ஆடவைத்துப் பார்த்த பஸ்பி, மூன்றே நாளில், ஹடர்ஸ்ஃபீல்டில் நடந்த லீக் ஆட்டத்துக்கும் எட்வர்ட்ஸ், டென்னிஸ் வயலட், ஜாக்கி பிளாஞ்ச்ஃபிளவர் முதலானோரையே அழைத்துச் சென்றார். அந்த ஆட்டத்தில் கோல் ஒன்றும் விழவில்லை. அதன் பின் எட்வர்ட்ஸ் அணியைவிட்டு நீங்கவே இல்லை.

இங்கே இக்காலத்து வாசகர் ஒன்றை மனத்திற்கொள்ள வேண்டும். அன்று இங்கிலாந்து லீக்கில் மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே கிடையாது. 1965-இல்தான் அது வந்தது. ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது, மூன்று கோல் முன்னிலையில், ஒரு பையனை இறக்கி அனுபவம் கொடுக்கும் சௌகரியம் பஸ்பிக்கு இல்லை. பதினொரு பேரில் ஒருவனாக, முதல் விசிலிலிருந்து கடைசி விசில் வரையில், அவனை நம்ப வேண்டும். நம்பி ஏமாந்தால் ஐம்பதாயிரம் பேர் முன்னிலையில் ஏமாற வேண்டும்.

எட்வர்ட்ஸின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அவன் 1955 ஏப்ரலில் ஸ்காட்லாந்துக்கு எதிராக 18 வயதில் இங்கிலாந்துக்கு ஆடியது அன்று; அந்த நூற்றாண்டின் இறுதிவாக்கில் மைக்கேல் ஓவன் வரும் வரையில் யுத்தத்துக்குப் பிந்தைய காலத்தில் அவனே மிக இளையவன் என்ற பெருமையும் அன்று. தேசிய அணியில் ஆடிவிட்ட அவன், அந்த வசந்தத்திலேயே திரும்பி வந்து, தன் பிராயத்துத் தோழர்களோடு இளையோர் கோப்பையின் இறுதி ஆட்டத்தையும் ஆடி வென்றானே, அதுதான். ஏறிய ஏணியிலிருந்து இறங்குவதை அவன் அவமானமாகக் கருதவில்லை. இறக்கியவர்களும் அப்படிக் கருதவில்லை. மேலும் கீழும் தாராளமாகப் போய்வரக்கூடிய படிக்கட்டாக அந்தக் கழகம் இருந்ததால்தான் மேலே ஏறுவது சிறுவர்களுக்கு அச்சமாக இல்லை.

பஸ்பியை விலைக்கு வாங்காத துறவி என்று எண்ணிவிடலாகாது. 1953-இல் பார்ன்ஸ்லியிலிருந்து டாமி டெய்லரை 29,999 பவுண்டுக்கு வாங்கினார். முப்பதாயிரம் என்ற முழுத்தொகை அந்த 21 வயது வாலிபனின் தலையில் பாரமாக உட்கார்ந்துவிடக் கூடாதென்று ஒரு பவுண்டைக் குறைத்தார். மிச்சமான அந்த ஒரு பவுண்டைத் தேநீர் கொண்டுவந்த பெண்ணிடம் கொடுத்ததாகச் சொல்வார்கள். இளைஞனின் மனம் எதற்குத் தளரும் என்று அறிந்தவர் செய்யும் காரியம் இது. மேலும், 1955-56-இல் ஏறத்தாழ 22 வயதே சராசரியாக உள்ள ஓர் அணி, அடுத்த அணிகளைவிட 11 புள்ளிகள் மிகுதியாகப் பெற்றுப் பட்டத்தை வென்றபோது, அதன் தலைவராக நின்றவர் ராஜர் பைர்ன். அவரும் ஜானி பெரியும் 1952-இன் பட்டத்தையும் கண்டவர்கள். சிறுவர்களைச் சிறுவர்களிடமே ஒப்படைக்கவில்லை. வரப்புப் போல இருபுறமும் முதிர்ந்தவர்களை நிறுத்தியே நட்டார்.

அடுத்த ஆண்டும் பட்டம் அவர்களுக்கே. சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகனான பாபி சார்ல்டன் அவ்வாண்டில்தான் முதல் அணிக்கு வந்தான். 1956 அக்டோபர் 6-ஆம் தேதி, டெய்லர் தேசிய அணிக்குப் போயிருந்தபடியால், கணுக்கால் எப்படி இருக்கிறதென்று பஸ்பி அவனிடம் கேட்டார். சில வாரங்களாகச் சுளுக்கு முழுவதும் ஆறாதிருந்தும், நன்றாக இருக்கிறதென்று பதில் சொல்லிவிட்டு ஆடி, இரண்டு கோல் போட்டான். டெய்லர் திரும்பி வந்ததும் அவன் இரண்டாம் அணிக்குப் போனான். ஆயினும் அப்பருவம் முடிவதற்குள் 14 லீக் ஆட்டங்களில் 10 கோல் அவன் கணக்கில் இருந்தது.

நம் தேசத்தில் இவ்வழக்கம் இல்லாமற்போகவில்லை. அதே பத்தாண்டில், கல்கத்தாவின் மோகன் பகான் கழகத்தில், 1946-இல் எட்டு வயதுச் சிறுவனாகச் சேர்ந்து பலாய்தாஸ் சாட்டர்ஜியின் கையில் வளர்ந்த சுனி கோஸ்வாமி, 1954-இல் முதல் அணிக்கு ஏறினார். வேறு கழகம் எதையும் நாடாமல் 1968 வரையில் அங்கேயே ஆடினார். 1962-இல் ஜகார்த்தாவில் ஆசியப் போட்டியின் தங்கத்தை வென்ற இந்திய அணிக்குத் தலைமையும் வகித்தார். ஆனால் தனி மனிதரின் பார்வையாக இருந்தது நிலையான முறையாக மாறவில்லை. வெகுகாலம் கழித்து, 2010-இல், அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் இளைஞர்களை மட்டுமே கொண்ட ஓர் அணியைத் தேசிய லீக்கில் இறக்கியது. 2013-இல் அது கலைந்தது. 2017-இல் உலக இளையோர் கோப்பையில் ஆடிய பிள்ளைகளைக் கொண்டு 'இந்தியன் ஆரோஸ்' என்று புத்துயிர் பெற்றது. அவ்வாண்டு நவம்பர் இறுதியில் தங்கள் முதல் ஆட்டத்திலேயே அவர்கள் நம் சென்னை சிட்டி அணியை 3-0 என்று வென்றபோது நான் தோற்ற பக்கத்தவனாக இருந்தும் மகிழ்ந்தேன். எவ்வளவு தோற்றாலும் கீழ்நிலைக்கு இறங்க வேண்டியதில்லை என்ற சலுகையும் அவர்களுக்கு இருந்தது. 2022-இல் அதுவும் கலைந்தது. அதை நடத்தியவர்களின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பக்கத்தில் நின்று 'இப்போது ஓடாதே, நில்' என்று சொல்ல முப்பது வயதுக்காரர் ஒருவர் இல்லாத அணியில், இறங்கவேண்டிய பயமும் இல்லாத ஆட்டத்தில், பஸ்பியின் பிள்ளைகள் கற்றதில் பாதியைத்தான் கற்க முடியும். நாற்றங்காலையே பெரிதாக்கி அதை வயல் என்று அழைத்துவிட்டோம் என்பது என் அபிப்பிராயம்.

மாஞ்செஸ்டருக்கு நேர்ந்த துயரத்தை உலகம் அறியும். 1958 பிப்ரவரி 6-ஆம் தேதி, பெல்கிரேடில் ஐரோப்பியக் கோப்பை ஆட்டத்தை முடித்துத் திரும்பும் வழியில், மியூனிக் நகரத்து ஓடுபாதையின் பனிச் சேற்றில் விமானம் மேலெழ முடியாமல் மோதி உடைந்ததில், 23 பேர் மாண்டார்கள். எட்டுப் பேர் ஆட்டக்காரர்கள். பைர்ன், டெய்லர், 21 வயதே ஆன எட்டி கோல்மன், பெக், வீலன், ஜோன்ஸ், பென்ட். பயிற்சியாளர் பெர்ட் வேலியும், இளையோர் சங்கத்துக்கு வித்திட்ட காரியதரிசி கிரிக்மரும் போனார்கள். எட்வர்ட்ஸ் பதினைந்து நாள் மருத்துவமனையில் போராடி, பிப்ரவரி 21-இல் இறந்தான். 21 வயது. டட்லியில் ஒரு தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடி ஜன்னலில் அவன் கால்பந்தாடும் கோலத்தில் இருக்கிறான். அதைத் திறந்துவைத்தவர் பஸ்பி.

வேல்ஸ் தேசிய அணியின் பொறுப்பிலிருந்ததால் அந்த விமானத்தில் போகாதிருந்த மர்பி, பஸ்பி படுக்கையில் கிடந்த அந்த வாரங்களில், எஞ்சிய சிறுவர்களைக் கொண்டு அணி சேர்த்தார். அவர்கள் சங்கக் கோப்பையின் இறுதி ஆட்டம் வரையில் போனார்கள்; 18 வயது அலெக்ஸ் டாசன் அரையிறுதியின் மறு ஆட்டத்தில் மூன்று கோல் போட்டான். ஆனால் லீக்கில், விபத்துக்குப் பின் ஆடிய 14 ஆட்டங்களில் ஒன்றில்தான் வெற்றி. இதை மறைத்து, இளமை எதையும் சாதிக்கும் என்று எழுதுவது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். நாள் வருமுன்னே, புயலில், அவசரமாக நடப்பட்டவர்கள் அவர்கள். டாசனும் மார்க் பியர்சனும் சில ஆண்டுகளில் வேறு கழகங்களுக்குப் போனார்கள். ஷே பிரென்னன் என்ற ஒருவன் தங்கினான். பத்து வருஷம் கழித்து, 1968 மே 29-ஆம் தேதி வெம்பிளியில் ஐரோப்பியக் கோப்பையை வென்ற அணியில் அவனும் இருந்தான். அன்று கோல் போட்டவர்களில் ஒருவனான பிரையன் கிட்டுக்கு அன்றே 19-ஆம் பிறந்தநாள்.

பஸ்பிக்குப் பின் இவ்வழக்கம் மெலிந்தும் தடித்தும் தொடர்ந்தது. 1986-இல் வந்த அலெக்ஸ் ஃபெர்குசன், எரிக் ஹாரிசன் வளர்த்த 1992-ஆம் ஆண்டின் இளையோர் கோப்பைப் பிள்ளைகளை நம்பி, 1995 கோடையில் மூன்று பெரிய ஆட்டக்காரர்களை விற்றார். முதல் ஆட்டத்தில் 3-1 என்று தோற்றதும், பிள்ளைகளைக் கொண்டு எதையும் வெல்ல முடியாதென்று தொலைக்காட்சியில் ஒரு முன்னாள் வீரர் தீர்ப்புக் கூறினார். அவ்வருஷம் அவர்கள் லீக், சங்கக் கோப்பை இரண்டையும் வென்றார்கள்.

1937 அக்டோபர் 30-ஆம் தேதி முதல், தானே வளர்த்த இளைஞன் ஒருவனாவது இல்லாமல் அந்தக் கழகத்தின் முதல் அணிப் பட்டியல் ஒன்றுகூட எழுதப்பட்டதில்லை. 2019 டிசம்பரில் அந்த வரிசை நாலாயிரத்தை எட்டியது. அந்த நாலாயிரத்தில் ஒரு பட்டியல் மட்டும் அச்சேறவே இல்லை. மியூனிக்குக்குப் பிந்திய முதல் ஆட்டம், 1958 பிப்ரவரி 19, எதிரணி ஷெஃபீல்டு வென்ஸ்டே. யாரை நிறுத்துவதென்று மர்பிக்கே கடைசிவரை நிச்சயமில்லாததால்—ஸ்டான் கிரவுதர் என்பவரின் ஒப்பந்தம் ஆட்டம் தொடங்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருக்கும்போதுதான் கையெழுத்தானது—அன்றைய நிகழ்ச்சித் தாளில் ஷெஃபீல்டின் பதினொரு பெயர்களும் அச்சிடப்பட்டிருக்க, மாஞ்செஸ்டரின் பக்கத்தில் பெயர் இருக்கவேண்டிய பதினொரு இடங்களும் வெறுமையாக விடப்பட்டிருந்தன. விளக்கொளியில் ஏறத்தாழ அறுபதினாயிரம் பேர் கூடியிருந்தார்கள். ஒலிபெருக்கி ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல, அவர்கள் மடிமேல் தாளை வைத்துக் கையால் எழுதிக்கொண்டார்கள். பதினோராம் இடத்தில், அதுவரை முதல் அணியில் ஒரு தடவைகூட ஆடியிராத, அன்று இடப்புற முன்வரிசைக்கு அனுப்பப்பட்ட பையனின் பெயர் வந்தது. பிரென்னன் என்று எழுதினார்கள். அன்று விழுந்த மூன்று கோல்களில் இரண்டு அவனுடையவை.